சிவப்பு மையில் ஒரு கேள்வி

ஃபாதரின் சிவப்புப் பேனா இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. மை தீர்ந்து பல வருடமாகிறது. விவிலிய ஆராய்ச்சியில் ஊறிப்போன பாதிரியார் அவர். எதைப் படித்தாலும் அந்தப் பேனா கையில் இருந்தாக வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில்கூட ‘ஆதாரம் எது?’ என்று எழுதி வைப்பார். தொண்ணூறுகளில் காரைக்குடியில் அவருக்கு டைப்பிஸ்டாக இருந்த எனக்கு அது பழகிப்போன வேடிக்கை.

சாக்கோட்டைப் பக்கம் ஒரு மடத்தில் இருந்த இந்துத் துறவி, பத்திரிகைகளில் கட்டுரைகள் எழுதுவார். அடிகள் என்போம். விவிலியத்தில் ஏதாவது ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஃபாதருக்குக் கடிதம் போடுவார். ஃபாதர் மூன்று பக்கம் பதில் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. நேரில் பேசினால் சண்டை வந்துவிடும் என்பது ஃபாதரின் கட்சி.

ஒரு முறை அடிகளின் தாயார் இறந்துபோனார். உறவைத் துறந்தவர் அழக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். ஆளில்லாத நேரத்தில் அழுதேன், உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். ‘அன்று கடவுளும் அழுதார்’ என்று முடித்திருந்தார். ஃபாதர் கலங்கிப்போய் ஆறுதல் கடிதம் சொன்னார். தட்டி, உறையில் வைத்து, தபாலில் சேர்த்தது நான்தான். மறுவாரம் மேசையை ஒழித்தபோது அந்த ஆறுதல் கடிதம் அங்கேயே கிடந்தது. உறைக்குள் போயிருந்தது அடிகளின் கடிதமேதான். அதன் கடைசி வரிக்குப் பக்கத்தில், பழக்கதோஷத்தில் ஃபாதர் சிவப்பு மையில் எழுதியிருந்த ‘ஆதாரம் எது?’. ஃபாதரிடம் சொல்லாமல் ஆறுதல் கடிதத்தை ஒளித்து வைத்தேன்.

ஒரு மாதம் பதிலே இல்லை. ஃபாதர் தினமும் தபால்காரரை வாசலில் மறித்துக் கேட்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நின்றேன்.

“ஏம்மா, மாத்தி வச்சது நீதான். கேட்டது நான்தானே,” என்று செருப்பை மாட்டினார். “நேர்லயே போயிட்டு வாரேன்.”

சாயங்காலம் திரும்பி வந்து அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். சிவப்பு எழுத்துக்குக் கீழே, அடிகளின் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘நான் பக்கத்தில் இருந்தேன்.’

“வந்த அன்னைக்கே எழுதி வச்சிருக்காக. அனுப்பத்தான் மனசு வரலையாம்.”

“என்ன பேசுனீக ஃபாதர்?”

“ஒண்ணும் பேசல. காப்பி குடிச்சோம்.” சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. அவரை எனக்கு அவ்வளவு பிடித்த நாள் வேறில்லை.

இரண்டு வருடம் கழித்து ஃபாதர் போய்விட்டார். கடைசி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. அடிகளுக்குத் தகவல் எழுத உட்கார்ந்தபோது டைப்ரைட்டரைத் தொட மனம் வரவில்லை. ‘ஃபாதர் இன்று காலை இறந்துவிட்டார். கடவுளும் அழுதார்’ என்று கையாலேயே எழுதினேன். பிறகு மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, அடிகள் கேட்காமலே ஆதாரத்தையும் எழுதினேன்: நான் பக்கத்தில் இருந்தேன்.