புதினாப் பாத்தியில் நின்ற டிராக்டர்

அந்த ஆடி மழையில் நீலகிரியில் எங்கள் ஊரான இத்தலாருக்கு வரும் சாலை ஓரிடத்தில் பாதி சரிந்துபோனது. கொழுந்து ஏற்ற வந்த ஃபேக்டரி லாரி அங்கேயே திரும்பிவிட்டது. காலையில் பறித்த தேயிலை பதினாறு மூட்டை எங்கள் வாசலில் கிடந்தது. ஆறு எங்களுடையது, மற்றவை அக்கம்பக்கத்தாருடையவை. மூட்டைக்குள்ளேயே கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். சிவந்ததை ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள்.

மிச்சமிருந்த சாலையில் லாரி நுழையாது, டிராக்டர் நுழையும். டிராக்டர் எங்களிடம் இருந்தது. அது ஓடித்தான் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"நம்ம வண்டிய எடுத்துடலாங்க" என்று என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

மேல் வீட்டில் பட்டாளத்தில் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர் இருந்தார். அவர் வந்து பானட்டைத் தட்டிப் பார்த்தார். "மாப்ளே, இதுக்கு டீசல் ஊத்தறதா, பால் ஊத்தறதா?"

ஆனாலும் வேலையில் இறங்கிவிட்டார். பழைய டீசலை வடித்து, ஃபில்டரைக் கழுவி, புது டீசல் ஊற்றினார்கள். பைப்பில் பிடித்திருந்த காற்று போகும்வரை ஒரு திருகைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்தார்கள். குமிழ் நின்று டீசல் மட்டும் வந்ததும் பட்டாளக்காரர் சல்யூட் அடித்தார். பேட்டரியில் மட்டும் உயிர் இல்லை. அதற்கு யாரும் கவலைப்படவில்லை. எங்கள் மலையில் எல்லா வண்டியும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கும். உருட்டிவிட்டால் போதும்.

முன்சக்கரத்தடியில் தெரிந்த கற்களை எடுத்துவிட்டு, ஒன்பது பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினார்கள்.

"ஏனுங்கண்ணா, வண்டியத் தள்றீங்களா, சாஞ்சு நிக்கிறீங்களா?" என்று மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பறிக்கிற பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"பிரேக் இறுகிப் போச்சு, டிரம்மைக் கழட்டணும்" என்றார் பட்டாளக்காரர். கியர் சிக்கியிருக்கிறது என்றார் இன்னொருவர்.

எனக்கு முதல் தள்ளலிலேயே காரணம் தெரியும். இங்கே வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் யாரும் நகர மாட்டார்கள். போகிற வருகிறவர்கள்கூட ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதெல்லாம் போதவில்லை. பின்னாலிருந்த இரண்டு பெரிய சக்கரங்களுக்கு முன்னாலும் பாறாங்கல்லைப் பாதி புதைத்து, அசிங்கமாகத் தெரிகிறதே என்று மண் அணைத்துப் புதினா நட்டிருந்தேன். அது காடாக வளர்ந்து கல்லை மூடியிருந்தது.

சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். இரண்டு முறை "என்னங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

பக்கத்து மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு ஏற ஆரம்பித்திருந்தது. பட்டாளக்காரர் ஸ்பேனர் எடுத்துவரக் கிளம்பினார். டிரம்மைக் கழற்றினால் அன்றைய பொழுது போய்விடும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு புதினாவுக்குள் இறங்கினேன்.

"ஏ புள்ள, இப்பப் போயி என்ன பண்றே?" என்றார் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர்.

"கல்லுங்க. ரெண்டு பக்கமும் இருக்குது. நாந்தான் வெச்சேன்."

நான் நெம்பினேன். வண்டி லேசாக முனகியது.

"மொதல்ல பிரேக்க மிதிங்க!" என்று கத்தினேன். நாலு பேர் முன்னால் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவரும் உடனே மிதித்தார்.

"பிரேக்னு நான் முடிவாச் சொல்லவே இல்லையே" என்றார் ஸ்பேனரோடு திரும்பி வந்த பட்டாளக்காரர்.

இரண்டாவது கல்லும் வந்தது. நான் விலகியதும் அவர் பிரேக்கை விட்டார், வண்டி உருண்டது. கிளட்சை விட்டதும் இருமியது, தும்மியது, கரும்புகை கக்கியது. புகை விலகியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

டிரெய்லரை மாட்டி மூட்டைகளை ஏற்றினோம். "நீயும் ஏறு. வழியில எங்க கல்லு பொதைச்சு வெச்சிருக்கியோ" என்றார் என் வீட்டுக்காரர். பட்டாளக்காரர் மட்கார்டில் ஏறிக்கொண்டார். சரிந்த இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன்.

ஃபேக்டரியில் கொழுந்து வாங்குகிறவர் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா எல்லாமே போயிருக்கும்" என்று சொல்லிப் பதினைந்து மூட்டைகளை உள்ளே அனுப்பினார். அடியில் கிடந்த ஒன்று மட்டும் சிவந்திருந்தது. அது பட்டாளக்காரருடையது.

"ஸ்பேனர் தேடுன நேரத்துல செவந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

பட்டாளக்காரர் நீளமாக ஏதோ பதில் சொன்னார். திரும்ப உருட்ட அங்கே இறக்கம் இல்லாததால் எஞ்சினை நாங்கள் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.