எனக்கு மட்டும் கரி பூசலை

ஜப்பான்காரன் காலத்தைப் பத்திப் பேச்செடுத்தா எங்க வயசுக்காரங்க எல்லாரும் மரவள்ளிக்கிழங்குலதான் ஆரம்பிப்பாங்க. காலையில கிழங்கு, ராத்திரி கிழங்கு, கிழங்கு மாவுல ரொட்டி. நானும்தான் தின்னேன், யாரு இல்லைன்னா? ஆனா எனக்கு இன்னமும் வயிறு எரியறது கிழங்கால இல்லை, ஒரு கொட்டாங்குச்சிக் கரியால. அந்தக் கரியை எங்கம்மா தினமும் காலையில அக்கா முகத்துல பூசுவாங்க. எனக்குப் பூச மாட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போயா இத்தனை வருஷமா கோவம்னு கேக்கறவங்க, கொஞ்சம் பொறுமையாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோட்டுல ஒரு கடைவீட்டு மேல்மாடியில ஒரே ஒரு அறை எங்களுக்கு. அப்பாவுக்குத் துறைமுகத்துல மூட்டை எண்ணுற வேலை. வெள்ளைக்காரன் போயி ஜப்பான்காரன் வந்ததும் அதே வேலையை அவன்கிட்ட பார்த்தார். விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா இருட்டினப்புறம்தான் வருவார். வீட்டுல நாங்க மூணு பொம்பளைங்க. அக்காவுக்குப் பதினஞ்சு வயசு, எனக்குப் பதிமூணு. அக்கா அப்பா நிறம், எலுமிச்சம்பழம். நான் அம்மா நிறம். அதை அழுத்திச் சொல்றேன், அம்மா நிறம். என்னை வாய்க்கு வாய் கறுப்பின்னு கூப்பிட்ட எங்கம்மா என்னைவிட ஒரு பிடி கறுப்பு.

ஜப்பான் பட்டாளம் வந்த உடனே தெருவே பயந்து கிடந்தது. பொண்ணுங்களைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லுவாங்க, எங்களைப் பார்த்ததும் பேச்சைக் குறைச்சுக்குவாங்க. இந்தியர்களை அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், நாம அவனுக்கு வேண்டியவங்கன்னு சில பேரு தைரியம் சொன்னாங்க. நெத்தியில பொட்டு பெருசா இருந்தாப் போதும்லா, விட்டுடுவான்னு எதிர்க்கடைக்காரர் சொன்னார். அம்மா எதையும் நம்பலை. அக்கா தலைமுடியைக் கழுத்து வரைக்கும் வெட்டினாங்க. அப்பாவோட பழைய சட்டையைப் போட்டுவிட்டாங்க. அடுப்புல சட்டி அடியில பிடிச்ச கரியைச் சுரண்டி, துளி எண்ணெய் விட்டுக் குழைச்சு, கொட்டாங்குச்சியில எடுத்து வெச்சுக்கிட்டாங்க.

அந்தப் பூசுறதைப் பார்க்கணுமே! அக்காவை ஜன்னல் வெளிச்சத்துல உட்கார வெச்சு, தாடையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, நெத்தி, கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னாடின்னு ஒரு இடம் விடாம மெதுவாப் பூசுவாங்க. பூசும்போதே கண்ணுல தண்ணி வந்துடும். "என் ராசாத்தி, மகாலட்சுமி மாதிரி இருந்தவளை என் கையாலயே இப்படி ஆக்குறேனே"ன்னு புலம்புவாங்க. நான் பக்கத்துலயே கிழங்குத் தோலை உரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். முடிச்சதும் அம்மா கையைத் துடைச்சுட்டு என் பக்கம் திரும்புவாங்க. "ஏய் கறுப்பி, பையை எடுத்துக்கிட்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வா. கிழங்கு தீர்ந்துடப் போகுது."

முதல் நாள் நான் கேட்டேன், "எனக்குப் பூசலையாம்மா?"

அம்மா நிஜமாவே சிரிச்சாங்க. "உனக்கெதுக்குடி? உன்னை எவன் பார்க்கப் போறான்?"

பட்டாளத்தான் நிக்கிற தெரு வழியா ஒரு சின்னப் பொண்ணைத் தனியா அனுப்புறதுக்கு எங்கம்மாவுக்கு இருந்த காரணம் இது ஒண்ணுதான். கறுப்பா இருக்கறவளை ஆம்பளைங்க பார்க்க மாட்டாங்களாம். கல்யாணச் சந்தையில நம்ம ஆளுங்க போடுற கணக்கு இருக்கே, அதை அப்படியே தூக்கிக்கிட்டுப் போயி ஜப்பான்காரன் தலையில கட்டிட்டாங்க. அவன் என்ன நமக்கு மாமன் மச்சானா, பொண்ணு பார்க்க வந்து மாநிறமா சிகப்பான்னு விசாரிக்க? இதை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அம்மா மட்டும்னா பரவாயில்லை. எங்க கீழ்வீட்டுல ஒரு பால்காரர் குடும்பம் இருந்தது. பின் சந்துல அவங்களுக்கு மாட்டுக்கொட்டகை. அந்த வீட்டு அக்காவுக்கு என்னைப் பார்த்தா நாக்கு சும்மா இருக்காது. "உங்க சின்னவளுக்குச் சாமியே பூசி அனுப்பிட்டாரு, உங்களுக்குக் கரி மிச்சம்"னு படிக்கட்டுல நின்னு சத்தமாச் சொல்லும். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாங்க. நான் ரெண்டு பேரையும் முறைச்சுட்டு, பையை வீசிக்கிட்டுப் போவேன். அழுதா இன்னும் சிரிப்பாங்களேன்னு அழவும் மாட்டேன்.

அக்கா மேலயும் எனக்குக் கோவம்தான். ஆனா அவளைச் சொல்லிக் குத்தமில்லை. கரி பட்டு அவ கன்னமெல்லாம் சிரங்கு மாதிரி பொரிஞ்சு போச்சு. எந்நேரமும் அறைக்குள்ளயே கிடந்தா. பின்கட்டுக்குப் போறதுன்னாக்கூட அம்மா துணைக்குப் போகணும். "உனக்குக் கொடுத்து வெச்சிருக்குடி, நீ வெளியில போற"ன்னு அவ என்கிட்ட சொல்லுவா. "உனக்குக் கொடுத்து வெச்சிருக்கு, உனக்காக ஒருத்தங்க அழறாங்க"ன்னு நான் திருப்பிச் சொல்லுவேன். இப்படி ஒருத்தி மேல ஒருத்தி பொறாமைப்பட்டுக்கிட்டு ஒரே பாயில படுத்திருந்தோம். குடத்துத் தண்ணியில தன் முகத்தை எட்டிப் பார்த்துட்டு, "யுத்தம் முடிஞ்சாலும் இது போகாதோ?"ன்னு அவ கேட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அழகா இருந்தா ஆபத்துன்னு அவளை அறைக்குள்ள அடைச்சாச்சு. அழகில்லைன்னு என்னைத் தெருவுக்கு அனுப்பியாச்சு. ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுங்க மனசைக் கெடுக்க வேற யாரும் வெளியில இருந்து வர வேண்டியதில்லை.

ஒரு நாள் தேக்காவுல கிழங்கு வாங்கிட்டுத் திரும்பிக்கிட்டிருந்தேன். எங்க தெருவுக்குள்ள நுழையற முனையில ஜப்பான் காவல்காரங்க நிப்பாங்க. அவங்களைக் கடக்கும்போது இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்பிடணும். குனியலைன்னா கன்னத்துல அறை விழும். வழக்கம்போல நானும் பையைக் கீழ வெச்சுட்டுக் குனிஞ்சேன். நிமிர்ந்து பையை எடுக்கப் போனப்ப ஒருத்தன் ஏதோ சொன்னான். புரியலை. கையைக் காட்டி, வான்னு கூப்பிட்டான். பின்னாடி யாரையோ கூப்பிடுறான்னு திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என்னைத்தான். அவன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு எட்டு முன்னாடி வந்து, காவல் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினான். கூட இருந்தவனும் சிரிச்சான்.

எதுக்குக் கூப்பிட்டான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க நான் நிக்கலை. கிழங்கை அப்படியே போட்டுட்டு ஓடினேன். பின்னாடி பூட்ஸ் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போனா அக்கா இருக்கா, அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும்னு அந்த ஓட்டத்துலயும் எனக்குத் தோணுச்சு பாருங்க! அதனால பின் சந்துக்குள்ள புகுந்து பால்காரர் கொட்டகையில, ரெண்டு எருமைக்கு நடுவுல சாணியில குத்த வெச்சு உட்கார்ந்துட்டேன். சத்தம் சந்து முனை வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் அங்கயே நின்னது. அப்புறம் போயிடுச்சு. என்னைக் கிண்டல் பண்ற அந்த அக்காதான் பால் கறக்க வந்து என்னைப் பார்த்தது. என்னை ஒரு கேள்வி கேக்காம கையைப் பிடிச்சு மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

அம்மா முதல்ல கேட்டது, "கிழங்கு எங்கடி?"

நான் சொன்னேன். திக்கித் திக்கி எல்லாத்தையும் சொன்னேன். அம்மா என்னை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்த்தாங்க. "சும்மா மிரட்டியிருப்பான். உன்னைப் போயா கூப்பிடப் போறான்?"

உன்னைப் போயா! உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்திருக்கேன், அதுக்குக்கூட எனக்கு மூஞ்சி போதலை. அவன் அறைஞ்சிருந்தாக்கூட எனக்கு அப்படி வலிச்சிருக்காது. அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்டயும் அம்மா அதைச் சொல்லலை. அவங்க எல்லாம் வெறும் கஞ்சித் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தாங்க. நான் குடிக்கலை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன்.

மறுநாள் காலையில அம்மா கொட்டாங்குச்சியை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட வந்தாங்க. அக்கா எழுந்து வர்றதுக்குள்ள அவ இடத்துல நான் போயி உட்கார்ந்தேன்.

"எனக்குப் பூசு."

"நகருடி, நேரமாச்சு. நீ தேக்காவுக்குப் போகணும்."

"பூசினாத்தான் போவேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "எங்கேடி பூசறது? பூசினாலும் தெரியவா போகுது?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ! "தெரியாட்டிப் போகட்டும்! நான் தொலைஞ்சு போனா உனக்குப் பரவாயில்லையா? அவளுக்கு மட்டும்தான் நீ அம்மாவா? என்னையும் ஒளிச்சு வைம்மா!"ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தினேன். அக்கா ஓடி வந்து என் வாயைப் பொத்தினா. அவ கையைக் கடிச்சுட்டு மறுபடியும் கத்தினேன்.

அம்மா கொட்டாங்குச்சியைப் பிடிச்சபடி அப்படியே நின்னாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "என்னையெல்லாம் யாருடி ஒளிச்சு வெச்சா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட கேட்ட மாதிரி இல்லை. "உன் வயசுல ரப்பர் எஸ்டேட்டுல பால்வாளியைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள தனியாத்தான் போவேன். எங்க அண்ணன் பொண்டாட்டி சிகப்பு, அவளுக்குத் துணைக்கு ஆள் போகும். நான் பயமா இருக்குன்னு சொன்னா, உன்னைப் பார்த்துப் பேய்தான் பயப்படணும்னு சொல்லுவாங்க."

சொல்லிட்டு, கீழ உட்கார்ந்து என் தாடையைப் பிடிச்சாங்க. நெத்தியில இருந்து ஆரம்பிச்சாங்க. அக்காவுக்குப் பூசற அதே மெதுவு. கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னாடி. "கழுத்தைக் காட்டு"ன்னு அக்காகிட்ட பேசற குரல்லயே சொன்னாங்க. ராசாத்தின்னு சொல்லலை, மகாலட்சுமின்னும் சொல்லலை. மன்னிப்பும் கேக்கலை. அடுத்த வாரமே மறுபடியும் கறுப்பின்னு கூப்பிட்டாங்க, அதையும் மறைக்காமச் சொல்லிடறேன். சாகுற வரைக்கும் அந்தப் பேச்சை அவங்க முழுசா விடலை, நானும் சண்டையை விடலை. ஆனா அன்னைக்கு என் முகத்துல ஒரு விரல்கடைகூட மிச்சம் வைக்காமப் பூசினாங்க. அக்கா பார்த்துட்டு, "பூசினதே தெரியலைம்மா"ன்னா. "நீ சும்மா இரு"ன்னு அவளை அதட்டினாங்க.

அப்புறம் எழுந்து பையை எடுத்தாங்க. நான் வாங்கிக்கக் கையை நீட்டினேன், தரலை. "ரெண்டு பேரும் உள்ள இருங்க. நான் வெளியில பூட்டிக்கிட்டுப் போறேன். கீழ்வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டுப் போறேன், யாரு தட்டினாலும் மூச்சுக் காட்டாதீங்க."

அம்மா கதவுகிட்ட போனப்பதான் எனக்கு அந்த முனை ஞாபகம் வந்தது. அவனும் அவன் சிரிப்பும். "அம்மா, நில்லு. நீயும் பூசிக்கோ."

"எனக்கா?" அம்மா திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. "ரெண்டு பிள்ளை பெத்த கிழவியை எவன்டி..."

முடிக்க விடலை. கொட்டாங்குச்சியில மிச்சம் இருந்ததை வழிச்சு எடுத்து அவங்க நெத்தியில வெச்சுத் தேய்ச்சேன். பெரிசா வெச்சிருந்த பொட்டு கலைஞ்சு போச்சு. கையைத் தட்டிவிடுவாங்கன்னு பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கிட்டு, எனக்கு எட்டட்டும்னு கொஞ்சம் குனிஞ்சு நின்னாங்க.

பூட்டுச் சத்தம் கேட்டதும் நானும் அக்காவும் ஜன்னலுக்கு ஓடினோம். படி இறங்கும்போதே முந்தானையால துடைச்சுப் போட்டிருப்பாங்கன்னுதான் நினைச்சேன். கடை வாசல் நடைபாதை, அந்த அஞ்சடியைத் தாண்டித் தெருவுல இறங்கினப்ப அம்மா ஒரு தடவை அண்ணாந்து எங்களைப் பார்த்தாங்க. கரி அப்படியே இருந்தது.