தாளில் நாற்பத்தேழு, முட்டியில் ஐம்பத்தைந்து

முதுமை, உடல்நலம், ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி ஆராயும் பொருளாதாரப் பேராசிரியை ஒருவர் இன்று நம் ஓசூர் கம்பெனி கேன்டீனுக்கு வந்தார்.

"வயசு என்னங்க?"

"நாப்பத்தேழுங்க மேடம்."

நிஜத்தில் ஐம்பத்தைந்து. இருபத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்று, வேலைக்குச் சேரும்போது எட்டு வயதைக் குறைத்து எழுதியவன் நான். பக்கத்திலேயே பர்சனல் ஆபீசர் நிற்கிறார், வேறென்ன சொல்ல? முட்டியைப் பிடித்தபடி நான் உட்கார்வதை மேடம் பார்த்துவிட்டார்.

"இந்த வயசுலயே முட்டி இவ்ளோ மோசமா?"

"நின்னுக்கிட்டே வேலைங்க."

"கவலைப்படாதீங்க. ரிட்டயராக இன்னும் பதினோரு வருஷம் இருக்கு, நிதானமா சேமிக்கலாம்."

அந்தப் பதினோரு வருடமும் இந்த முட்டிதானே நிற்க வேண்டும்! எரிச்சலில் டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

அடுத்து வந்த சூளகிரி நண்பருக்கு என் அண்ணன் வயது. அவர் கூசாமல் "நாப்பத்தாறு" என்றார்.

இதைப் படிக்கும் நம் ஷிஃப்ட் ஆட்களில் உண்மை வயதைச் சொன்னவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். தோள் வலித்தால் வேண்டாம், தலையாட்டினால் போதும்.