வானத்தில் பத்து மணி நேரம்

புடாபெஸ்ட் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் வந்த வழி நேர்க்கோடு இல்லை. அறையிலிருந்து மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, தோஹாவில் இறங்கி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து, வேறு விமானம் பிடித்து, மீனம்பாக்கத்தில் இறங்கி, ஒரகடம் போய்ச் சேர இருபத்தைந்து மணி நேரம் ஆனது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வேன்.

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலை, புது மெஷினைப் பழகி வர என்னை ஆறு வாரம் புடாபெஸ்டுக்கு அனுப்பியிருந்தது. பயணம் இருபது மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு நாள் ஓய்வு என்பது கம்பெனி விதி. அதை நம்பித்தான், நான் வந்து இறங்கும் நாளிலேயே காதுகுத்தை வைக்கும்படி தங்கையிடம் சொல்லியிருந்தேன். அவள் மகளைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

பெட்டி வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தபோது மேனேஜர் போன் செய்தார்.

"வானத்துல பறந்தது பத்து மணி நேரம். மீதி நேரம் சும்மா குந்திகினுதானே இருந்தே? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு வந்துடு."

என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு போனேன். சுங்குவார்சத்திரத்தில், தங்கை வீட்டில், யாரோ ஒரு பெரியப்பா மகனின் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். "மாமன் இன்னும் ஆகாசத்துலதான் கீறாரா?" என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்களாம். தங்கை ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அந்த மேனேஜர் விளங்கவே கூடாது என்று வயிறெரிந்து சபித்தேன்.

பிறகு முதுகு வலி வந்து, என்னை லைனிலிருந்து எடுத்து, பயண டிக்கெட் போடும் மேசையில் உட்கார வைத்தார்கள். நான்கு வருடம் காத்திருந்தேன்.

போன மாதம் அதே மேனேஜர் அதே ஊருக்குப் போனார். திரும்பி வந்து இறங்கும் நாளில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்கே தொழிற்சாலையில் ஆடிட். ஓய்வு கேட்டு ஃபாரம் அனுப்பியிருந்தார். அதில் பயண நேரத்தை நிரப்புவது என் வேலை. பத்து என்று எழுதினேன். விதியை விட்டு இம்மியும் நகராத புது பிளான்ட் ஹெட், ஓய்வு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

தோஹாவிலிருந்து போன் வந்தது. "இன்னாப்பா, பத்துன்னு போட்டுகீறே? இருபத்தஞ்சு ஆவுதுப்பா."

"வானத்துல பறக்குறது பத்துதான் சார். மீதி நேரம் சும்மா குந்திகினுதானே கீறீங்க."

காதுகுத்தை நானே ஞாபகப்படுத்தினேன். "தப்புதாம்பா, மாத்திடு" என்று கெஞ்சினார். சிஸ்டம் க்ளோஸ் ஆகிவிட்டது என்றேன். ஆகவில்லை, எதிரே திறந்துதான் இருந்தது.

அவர் மகளுக்கு நிச்சயதார்த்தத் தட்டு மாற்றிய நேரத்தில் அவர் ஆடிட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கேன்டீனில் நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அந்த மேனேஜர் பொண்ணு இன்னாண்ணா பண்ணுச்சு உன்னை?"

அந்த ஃபாரம் நாளைக்கு மறுபடி வந்தாலும் பத்து என்றுதான் எழுதுவேன். ஆனால் தங்கையிடம் போய்ச் சொல்ல மாட்டேன்.