மாமியார் வீட்டுக் குளிர்

படப்பையில் பதினெட்டு டிகிரிக்கு மஃப்ளர் கட்டுகிறார்கள். கல்யாணமாகி வந்த முதல் மார்கழியில் இதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரகடத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டிலிருந்து கடைசி சீட் வரைக்கும் குரங்குக் குல்லா. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும், பின்னாலிருந்து நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரிப் பக்கம். அங்கே பதினெட்டு டிகிரி என்றால் துணி காயப்போடுகிற வெயில். இதைச் சொல்லிச் சொல்லி, பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட்டே கிடைக்காமல் போனதுதான் மிச்சம்.

அந்தக் குல்லாக்களில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. படப்பைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஒரகடத்தில் லாரிக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. நான் அதே ரோட்டில் இன்னொரு கம்பெனியில் வயரிங் லைனில் குவாலிட்டி பார்க்கிறேன். மனிதர் தங்கமானவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வானிலை ஒன்றுதான் கெட்ட பழக்கம்.

எங்கள் ரோட்டில் இவரைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது. மழைக்காலத்தில் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் அடித்துக்கொள்வார்கள். மழை முடிந்தால் அடங்குவார்களா? மாட்டார்கள். குளிர்காலப் போட்டி ஆரம்பமாகிவிடும். விடிந்ததும் அவரவர் மொட்டைமாடித் தெர்மாமீட்டரைப் பார்த்து குரூப்பில் எண்ணைப் போட வேண்டும். சென்னைக்காரர்கள் இருபத்திரண்டைப் போட்டால் எங்கள் ஆட்கள் பத்தொன்பதைப் போட்டு மீசையை முறுக்குவார்கள். போகி வரைக்கும் யார் எண் மிகக் குறைவோ அவர்தான் குளிர் மன்னன். அடுத்த மார்கழி வரைக்கும் குரூப்பின் முகப்பில் அவர் படம் இருக்கும், குல்லாவோடு.

இதில் ஒரு விதி உண்டு. மாமியார் ஊரும் கணக்கில் சேரும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் தண்டலத்துக்காரர், அங்கே ஒரு காலேஜில் லேப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய மனைவி ஊர் ஓசூர். விதி வந்த வருஷமே அவர் மன்னனாகிவிட்டார். எப்படி ஆகாமல் இருப்பார்? அவருடைய மாமியார் தினமும் விடிகாலையில் வாசலுக்கு வந்து எண்ணைப் படித்துச் சொல்லிவிடுவாராம். மற்றவர்களின் மாமியார்கள் செங்கல்பட்டிலும் திண்டிவனத்திலும் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

இந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க வூட்டாண்ட காலைல எவ்ளோ டிகிரி கீது?" என்பதுதான். கூச்சத்தில் எதையோ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கூச்சமாவது மண்ணாவது. தண்டலத்துக்காரரைத் தோற்கடிக்க என்னைக் கட்டிக்கொண்டீர்களா என்று இன்றைக்கும் சண்டை வரும்போதெல்லாம் கேட்பேன். இல்லை என்பார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார்.

முதல் வருஷமே மனிதருக்கு ஒரு நாள் யோகம் அடித்தது. மாமியார் வீட்டால் இல்லை, எங்கள் மொட்டைமாடியிலேயே. எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது என்று போட்ட காலையில் இவருக்கு மட்டும் பதினாறு காட்டியது. படப்பை சரித்திரத்திலேயே இல்லாத குளிர் என்று குரூப்பில் அறிவித்துவிட்டு, வீட்டுக்குள்ளேயும் குல்லாவைக் கழற்றாமல் திரிந்தார். தண்டலத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. தன்னுடைய தெர்மாமீட்டரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பைக்கிலேயே வந்து இறங்கினார். இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். ரொம்ப நேரம் இறங்கி வரவில்லை. என்ன ஆயிற்று என்று காபி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், முந்தின நாள் ஷிப்ட் விட்டு வந்து நான் துவைத்துப் போட்ட கனத்த போர்வை, ஈரத்தோடு, வாடைக் காற்றில் நகர்ந்து தெர்மாமீட்டரைப் போர்த்திக்கொண்டு இருந்தது. ஈரத்துணியைச் சுற்றினால் பானைத் தண்ணீர் போலக் குளிரத்தானே செய்யும். தண்டலத்துக்காரர் என்னிடம் காபியை வாங்கிக்கொண்டு, "குளிர் மன்னன் நீங்கதாம்மா, இவன் இல்ல" என்றார். அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் என் அப்பாவைப் பிடித்தார். நல்ல தெர்மாமீட்டராகப் பார்த்து ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பினார். அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள். மாப்பிள்ளை கொடுத்த பொருளாயிற்றே என்று அப்பா அதைத் துடைத்துச் சாமி படம் மாட்டுகிற மாதிரி மாட்டினார். எங்கே? சமையலறை வெளிச்சுவரில், விறகடுப்புக்கு நேர் பின்னால். தினமும் விடிகாலையில் அடுப்பு மூட்டிய பிறகு போய்ப் பார்த்துச் சொல்வார். பதின்மூன்று, பன்னிரண்டு. ஓசூர் பத்துக்கு இறங்கியிருந்தது. நீலகிரியை ஓசூர் ஜெயிக்கிற அநியாயத்தை என் வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

அடுப்பு விஷயத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு சீசன் முழுக்கப் போயிற்று. அடுத்த மார்கழியில் தெர்மாமீட்டரைப் பள்ளத்துக்கு மாற்றச் சொன்னார். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அங்கேதான் எண் நன்றாக இறங்கும் என்றார். வீட்டிலிருந்து படி இறங்கிப் போக வேண்டிய இடம் அது. எங்கள் அப்பாவை அந்தக் குளிரில் அங்கே இறக்கிவிட வேண்டுமா என்று நான் கத்தினேன். அப்பாவோ, மாப்பிள்ளை கேட்டுட்டாருங்களே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பேருக்கும் பைத்தியம் முற்றிவிட்டது என்று அம்மாவும் நானும் போனில் புலம்பிக்கொண்டோம். ஆனால் எண் இறங்கியது. ஆறு, ஐந்து, நாலு. ஓசூர் பக்கத்தில்கூட வர முடியவில்லை. குரூப்பில் இவருக்குக் கைதட்டு மேல் கைதட்டு.

அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கேயிருந்த கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்த வருஷம்தான் அப்பா புது நாற்று நட்டிருந்தார். வயசான காலத்தில் இது எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, இது பிடித்தால் இருப்போம், பிடிக்கவில்லை என்றால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பொண்ணு வீட்டோடு போய்விடுவோம் என்று சொன்னாராம். என்னிடமும் அதையே சொன்னார். அப்பா அம்மா கூடவே வந்து இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்? எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். தெருவில் நாள் முழுக்க மண் லாரி. காலையில் எழுந்து போய்ப் பார்க்க ஒரு செடி இல்லாத இடத்தில் எங்கள் அப்பா என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

போகி நெருங்கிய சமயம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குஷி. மலைமேல் வானம் சுத்தமாகத் துடைத்துவிட்டது, காற்றும் நின்றுவிடும், இன்றைக்கு ராத்திரி பள்ளத்தில் ஜீரோ நிச்சயம், தண்டலத்துக்காரரே மேப்பைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"ஜீரோன்னா உறைபனிங்க," என்றேன். "பெரிய செடி தாங்கும். நாத்து கருகிடும்."

அவருடைய கம்பெனி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாளாக எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, அந்த எண் ஒரு செடிமேல் போய் விழும் என்பது அப்போதுதான் உறைத்தது. நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

என்னிடம் பேசி வைத்த கையோடு அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். பனி விழும் என்று அப்பாவுக்குத் தெரியாதா என்ன? எந்த ராத்திரி என்பதுதான் தெரியாது. பொங்கல் முடிந்து ஆள் கிடைத்ததும் நாற்றை மூடிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். இன்றைக்கே மூடிவிடுங்கள் மாமா, நாளைக்கென்று விடாதீர்கள் என்று இவர் கெஞ்சியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் பொழுது சாய்கிற வரைக்கும் காட்டில் பெரணித் தழை அறுத்துச் சுமந்து வந்து ஒவ்வொரு நாற்றாக மூடினார்கள். வீட்டில் இருந்த கோணிப்பை, பழைய வேட்டி, என் கல்யாணத்துக்கு வாங்கிய ஜமுக்காளம் எல்லாம் பள்ளத்துக்குப் போனது.

இங்கே இவர் ஷிப்ட் முடிந்து வந்து போனில் சாட்டிலைட் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேரளாப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து பனியைத் தடுக்காதா என்று தேடிக்கொண்டிருந்தார். தன்னுடைய கணிப்பு பொய்யாக வேண்டும் என்று ஒரு வானிலைப் பைத்தியம் வேண்டிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிண்டல் செய்ய ஆயிரம் வார்த்தை இருந்தது. தட்டில் சோற்றைப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். மேகம் வரவில்லை.

விடிந்ததும் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். அப்பாவுக்குப் பல் கிட்டிப்போய் வார்த்தை உதறியது.

"மாப்பிள்ளைங்க, மைனஸ் ஒண்ணுங்க. ரெண்டு தடவ நல்லாப் பாத்துட்டேன். சட்டுனு குரூப்புல போட்டு வுடுங்க. இந்த வருசம் நாமதான்."

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டிகிரிய வுடுங்க மாமா. நாத்து எப்டி கீது?"

மூடிய வரைக்கும் பச்சையாக இருக்கிறது என்றார் அப்பா. தழை பற்றாமல் விட்ட கடைசி வரிசைகள் மட்டும் கருகிவிட்டன, போனால் போகட்டும், நீங்கள் முதலில் எண்ணைப் போடுங்கள் என்றார்.

இவர் போடவில்லை. குரூப்பே ஏங்கிக் கிடந்த எண் அது. தண்டலத்துக்காரர் ஓசூர் எண்ணைப் போட்டுவிட்டு, மாமியார் வீட்டு ரிப்போர்ட் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இன்றைக்குப் பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு இவர் குளிக்கப் போய்விட்டார். போட்டால்தான் என்ன என்று நான்கூடக் கேட்டேன். நாற்றைக் கருக்கிய குளிருக்குக் கைதட்டு வாங்க மனசு வரவில்லை என்றார். முந்தின நாட்களில் போட்ட எண்களையும் கணக்கில் வைக்க வேண்டாம் என்று தானே எழுதி எடுத்துவிட்டார். பட்டம் ஓசூருக்குப் போனது.

பொங்கலன்றைக்கு வாழ்த்துச் சொல்ல அப்பாவைக் கூப்பிட்டேன். யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, அம்மாவிடம் நான்தான் உளறியிருந்தேன். வாழ்த்தை வாங்கிக்கொள்ளவே இல்லை. தோட்டத்தையே யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரே கோபம்.

"கை மரத்துப்போற குளிர்ல பள்ளத்துல எறங்கிப் பாத்துச் சொன்னது நானு. பட்டம் ஓசூர்க்காரருக்கா?" என்று சத்தம் போட்டார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கருகிப்போன வரிசைக்குப் புது நாத்து சொல்லியாச்சு. அடுத்த வருசம் தழை மொதல்லயே அறுத்து வெச்சுக்கறேன், எண்ணையும் ஒழுங்காப் போடச் சொல்லு உன் வூட்டுக்காரர" என்றார்.

அடுத்த வருஷம் என்று எங்கள் அப்பா வாயால் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. சரிப்பா, சொல்கிறேன் என்றேன்.