மடிப்பில் கசியும் எண்ணெய்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ‘மடிப்பு மேடம்’ என்று பெயர். கையில் எது கிடைத்தாலும் மடித்துப் பார்ப்பார். ஒருமுறை என் விடுப்பு விண்ணப்பத்தையே நாலாக மடித்து, மடிப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டார். விடுப்பு கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அவருடைய வேலை இதுதான். சாப்பாடு கட்டித் தரும் காகிதப் பெட்டியில் எண்ணெய் ஊறாமலிருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுகிறார்களே, அதற்குப் பதிலாக, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸைக் கஞ்சி மாதிரி ஆக்கிக் காகிதத்தில் பூச வேண்டும். எண்ணெய் ஊறக்கூடாது. தூக்கிப் போட்ட பிறகு தண்ணீரில் கலக்கினால் முழுக்கக் கூழாகி, மறுபடி காகிதமாக வேண்டும். இருக்கும்வரை விறைப்பாக இருந்துவிட்டு, பிறகு சொன்னபடி கரைந்துபோக வேண்டும். என் மாமனாரிடம்கூட நான் இவ்வளவு எதிர்பார்த்ததில்லை.

பூசும் இயந்திரத்தை ஓட்டுபவன் நான். ஒரு நாள் முழுக்க எண்ணெய் தாங்க வேண்டும் என்பது மேடம் போட்ட கணக்கு. தட்டையான தாள் தாங்கியது. பெட்டியாக மடித்தால் மடிப்பில் விரிசல் விட்டு, அரை மணியில் கசிந்தது. வளைந்து கொடுக்க எதையாவது சேர்த்தால் ஈரம் உள்ளே புகுந்தது. இரண்டு வருடமாக இதே பாட்டு.

வறுவல் கடைகள் நடத்தும் ஒருவர் பெட்டி பார்க்க வரப்போவதாகவும், அவர் வேண்டாமென்றால் ஆய்வகத்தை இழுத்து மூடிவிடப்போவதாகவும் மேனேஜர் சொன்னார். வீட்டில் இரண்டு பெண்கள். எனக்கு வேறு வேலையும் தெரியாது.

வழியையும் மேனேஜரே சொன்னார். “பூச்சுல கொஞ்சம் பிளாஸ்டிக் கலந்துடுங்க. கண்ணுக்கா தெரியப்போகுது?”

கலந்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. மேடம் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஒன்றை மடித்துப் பார்க்காமல் விட்டால் எனக்குப் பயம்.

வறுவல்காரர் கையோடு சூடான வறுவலும் கொண்டுவந்திருந்தார். எங்கள் பெட்டியில் கொட்டி, பாதியைத் தின்றபடி, அடியைத் தடவிப் பார்த்தார். “பிரமாதம்! மறுசுழற்சி ஆகும்னு மேல அச்சடிச்சுக்கலாம்ல?”

“தாராளமா,” என்றார் மேனேஜர்.

மேடம் இன்னொரு பெட்டியைக் கிழித்து மிக்ஸியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கூழாகிறதா என்று பார்க்க வீட்டிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி அது. “சுவிட்சைப் போடுப்பா.”

மேனேஜர் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினார். நான் சுவிட்சில் விரலை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“போடு. பொய்ய அச்சடிச்சு விக்க வேணாம்,” என்றார் மேடம்.

போட்டுத் தொலைத்தேன். கூழோடு கூழாக நார் நாராகப் பிளாஸ்டிக் மிதந்தது. மேடம் ஒன்றை எடுத்து வறுவல்காரர் உள்ளங்கையில் வைத்தார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எங்கள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

“பிளாஸ்டிக் கலக்காத பெட்டி உங்ககிட்ட இருக்கா?” என்றார் வறுவல்காரர்.

“இருக்கு. நல்லாக் கரையும். ஆனா மடிப்புல எண்ணெய் கசியும்.”

“எப்போ?”

“அரை மணியில. ஒரு நாள் தாங்கணும்.”

“ஒரு நாளா? யாரு சொன்னா?”

“நான்தான்,” என்றார் மேடம்.

“ஒரு நாள் வெச்சிருந்தா அதுக்குப் பேரு வறுவலாம்மா? எங்க கடையில வாங்குறவன் பத்து நிமிஷத்துல தின்னுட்டுக் கையைத் துடைச்சிட்டுப் போயிடுவான். அந்தப் பெட்டியவே குடுங்க.”

ஆர்டர் கிடைத்தது. மேனேஜர் அவரைக் காரில் ஏற்றிவிடப் போனார். மேடம் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

“ரெண்டு வருஷம்ப்பா. ஒரு தடவை போய் ஒரு கடைக்காரரையாவது கேட்டிருக்கலாம்ல?”

“அப்போ கசியுதுன்னு நாம குப்பையில போட்டதெல்லாம்?” என்றேன்.

“எல்லாமே நல்ல பெட்டிப்பா,” என்று சொல்லிவிட்டு அழுதார்.