பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு ‘ங்க’

மெல்போர்னில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கடைவளாகங்களின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு விநோதம் நடக்கும். ஒரு காரிலிருந்து இறங்கும் குழந்தை, பையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்து இன்னொரு காரில் ஏறிக்கொள்ளும். இரண்டு கார்களிலும் இருக்கும் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். வந்த புதிதில் இதைப் பரிதாபத்தோடு வேடிக்கை பார்த்த நான், சில வருடங்களில் அப்படியொரு காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

நான் உடுமலைப்பேட்டைக்காரி. கணவருக்குக் காரமடை; இருவருமே கொங்குநாடு. பிரிந்தபோது மகளுக்கு ஏழு வயது. அவள் யாரிடம் வளர்வது என்பதில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஊராக இருந்தால் பெரியவர்கள் கூடி, குழந்தையைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டு முடித்திருப்பார்கள். இங்கே நீதிமன்றம் ஓர் உளவியல் நிபுணரை நியமித்தது. கனிவான பெண்மணிதான். பொம்மைகள் நிறைந்த அறையில் என்னையும் மகளையும் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார்.

கட்டைகளை எடுத்துப்போட்டு, “வாங்க கண்ணு, ஊடு கட்டலாமுங்களா?” என்றேன்.

“வாரேனுங்கம்மா. நீங்க செவுரு வெய்யுங்க” என்றாள் மகள்.

அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் பேச்சு வேறாகியிருந்தது. தாய் ஏழு வயதுக் குழந்தையை மூத்தவர்களுக்குரிய சொற்களால் அழைக்கிறார்; குழந்தை இந்த வீட்டில் பெரியவரின் இடத்தை நிரப்புகிறது; ஆகவே அது பெரும்பாலும் தந்தையோடு வாழ்வதே நலம். மொழிபெயர்ப்பாளர் வேறு சீமைக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழில் ‘ங்க’ பெரியவர்களுக்கு மட்டும்தான்.

ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்று நான் வாசலிலேயே நின்ற மத்தியானம் நினைவுக்கு வந்தது. தென்னந்தோப்பிலிருந்து வந்த அப்பா, மட்டை உரசிச் சிவந்த கையால் என் பையை வாங்கிக்கொண்டு, “போகுதுங்க அம்மணி, சாப்புட வாங்க” என்றார். எங்கள் பக்கத்தில் மரியாதை வயது பார்த்து வருவதில்லை. அந்தச் சொல்லை நோயென்று எழுத ஒருவருக்கும் உரிமையில்லை.

“நிபுணரை எதிர்த்தால் நீதிபதிக்குப் பிடிக்காது. அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்” என்றார் என் வக்கீல்.

“விடமாட்டேன். நான் எழுதித் தருவதை என் கணவரிடம் அப்படியே கேளுங்கள்.”

விசாரணையன்று வக்கீல் அவரிடம் கேட்டார்: “சின்ன வயதில் உங்கள் அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?”

கணவர் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம். அங்கே அதைக் கண்டுபிடிக்க என்னைத் தவிர ஆளில்லை.

“வாங்க, போங்க என்றுதான். எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைகளையும் அப்படித்தான்.”

அடுத்துச் சாட்சி சொன்ன நிபுணர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பத்தியை எழுதியிருக்கமாட்டேன்” என்றார். ஆனால், எங்கள் சண்டைக்குப் பயந்து குழந்தை தன் வயிற்றுவலியைக்கூட மறைக்கிறாள் என்ற வரியை அவர் மாற்றவில்லை. அதை எதிர்க்க என்னிடம் கேள்வி இல்லை. அது உண்மை.

வெளியே நடைபாதையில் கணவரை நிறுத்தினேன். “ஏனுங்க, அறிக்கைய முன்னயே படிச்சீங்கல்ல? ஏன் பேசாம இருந்தீங்க?”

“செயிச்சுப்போடலாம்னு இருந்துட்டனுங்க” என்றார், தரையைப் பார்த்தபடி.

மகள் என்னோடு வாழ, வாரம் விட்டு வாரம் சனி ஞாயிறில் அப்பாவிடம் போய்வர உத்தரவானது. நீண்ட விடுமுறையில் அவளை ஊருக்குக் கூட்டிப்போகவும் அனுமதி கிடைத்தது.

கோவை விமான நிலையத்தில் இறங்கினோம். அவளுடையது ஆஸ்திரேலிய பாஸ்போர்ட், என்னுடையது இந்தியாவுடையது. குடிநுழைவுச் சோதனையில் அவளோடு நின்ற என்னை அதிகாரி மறித்தார். “ஏனுங்க, நீங்க அந்த வரிசைங்க. இது வெளிநாட்டுக்காரங்களுக்கு.”

“பாப்பா எங்கயோ, நானும் அங்கதானுங்க.”

அவர் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே என் ஊர் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டவர் வரிசையிலேயே நின்றேன்.